ரீவயரிங்கில் வயர் போகும் வழியை எப்படி முடிவு செய்வது

வீட்டுக்கு ரீவயரிங் என்றதும் எல்லோரும் கேட்பது எந்த கம்பெனி வயர், எந்த மாடல் சுவிட்ச், ஒரு பாயின்ட்டுக்கு என்ன கூலி என்பதைத்தான். அந்த வயர் சுவருக்குள் எந்த வழியாகப் போகப்போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. வேலை தொடங்குகிற அன்று காலையில் கட்டிங் மெஷினோடு வந்து நிற்பவர் தனக்கு எது சீக்கிரம் முடியுமோ அந்த வழியில் கோடு போட்டுவிடுகிறார், நாமும் தூசிக்குப் பயந்து வெளியே போய் உட்கார்ந்துவிடுகிறோம். சுவிட்ச் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே மாற்றலாம். பூச்சுக்குள் போன பைப்பை அடுத்த இருபது முப்பது வருடத்துக்கு யாரும் தொடப்போவதில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்களே வயர் இழுத்து கனெக்ஷன் கொடுக்க வேண்டாம். அந்த வேலை உரிமம் உள்ள ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று பெற்ற கம்பியாளும் செய்ய வேண்டியது. ஆனால் வழியை முடிவு செய்யும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். பீரோ எந்தச் சுவரோரம் வரும், டிவி எங்கே மாட்டுவீர்கள், குழந்தைக்குத் தூளி எங்கே கட்டுவீர்கள் என்பதெல்லாம் எலக்ட்ரீஷியனுக்கு எப்படித் தெரியும்?

நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். இந்த வீட்டைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் பத்து வருடம் கழித்து டிரில்லோடு வந்து நின்றால், போர்டு எங்கே இருக்கிறது, கூரை எங்கே முடிகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு வயர் எங்கே ஓடும் என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஆழம் காப்பாற்றாது

"பைப்பு நல்லா உள்ளே போகுது சார், ஆணி எட்டாது" என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்சுவர்ப் பூச்சு சுமார் 12 மில்லிமீட்டர், அதற்குள் 25 மில்லிமீட்டர் பைப். செங்கல்லை 25 மில்லிமீட்டர் கொத்தி பைப்பைப் பதித்தால், சுவரின் முகத்திலிருந்து 12 மில்லிமீட்டரில் பைப் தொடங்கி 37-ல் முடிகிறது. கர்ட்டன் கம்பிக்கு, டிவி ஸ்டாண்டுக்கு, கிச்சன் அலமாரிக்கு என்று ரால் பிளக் வைக்கப் போடும் ஓட்டை 35-லிருந்து 50 மில்லிமீட்டர் வரை உள்ளே போகும். அதாவது டிரில் பிட் பைப்பைத் துளைத்து, பெரும்பாலும் அந்தப் பக்கமே வந்துவிடும். பிவிசி பைப் அதை ஒரு நொடிகூடத் தாங்காது.

சரி, இன்னும் ஆழமாகக் கொத்தலாமே என்றால் சுவர் தாங்க வேண்டும். நேர்க்குத்தான காடி (பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, படுக்கைவாட்டில் போகும் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கட்டுமானத்தில் பொதுவாக வைத்திருக்கும் அளவு. ஒன்பது இஞ்ச் சுவர் 230 மில்லிமீட்டர், அதில் நேர்க்குத்தாக 75, படுக்கையாக 38 வரை போகலாம். நாலரை இஞ்ச் சுவர் 115 மில்லிமீட்டர்தான். அதில் நேர்க்குத்தாக 38 கிடைக்கும், படுக்கையாக வெறும் 19. ஆக, நாலரை இஞ்ச் பார்ட்டிஷன் சுவரில் 25 மில்லிமீட்டர் பைப்பைக் குறுக்கே நீளமாக ஓட்டுவது என்ற யோசனையையே விட்டுவிடுங்கள். அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் போர்டு வைத்து முதுகோடு முதுகாகக் கொத்துவதும் கூடாது. நடுவில் மிஞ்சுவது ஒரு விரல்கடை செங்கல்தான், அதுவும் மெஷின் அதிர்விலேயே விட்டுப்போயிருக்கும்.

எனவே வயரைக் காப்பாற்றப்போவது அது இருக்கும் இடம்தான். போர்டிலிருந்து நேர் மேலே, இல்லையென்றால் நேர் கீழே. ஒரு போர்டிலிருந்து இன்னொரு போர்டுக்குப் போக வேண்டுமானால் மேலே ஏறி, கூரையை ஒட்டிய அரை அடி பட்டைக்குள் ஓடி, அந்தப் போர்டுக்கு நேர் மேலே வந்து இறங்க வேண்டும். சாய்வாகப் போவது, பாதிச் சுவரில் குறுக்கே ஓடுவது, ஜன்னலைச் சுற்றி வளைவது எல்லாம் வேண்டாம். பிரிட்டனின் வயரிங் விதியான பி.எஸ். 7671 இதைத்தான் அளவோடு சொல்கிறது: சுவருக்குள் 50 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழத்தில் இருக்கும் கேபிள் கூரையிலிருந்து 150 மில்லிமீட்டருக்குள், அல்லது இரண்டு சுவர் சேரும் மூலையிலிருந்து 150 மில்லிமீட்டருக்குள், அல்லது சுவிட்ச், பிளக் போன்றவற்றுக்கு நேர் மேலே, கீழே, நேர் பக்கவாட்டில் போக வேண்டும். சுவர் 100 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால், ஒரு பக்கம் இருக்கும் போர்டின் வழி மறுபக்கத்துக்கும் பொருந்தும் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஊர் எலக்ட்ரீஷியனிடம் அந்த விதியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, "கூரைக்கு அரை அடிக்குள்ளே, அப்புறம் போர்டுக்கு நேராக இறக்கு" என்றால் போதும். பக்கவாட்டில் போவதை மட்டும் நான் நம் வீடுகளுக்கு எடுத்துக்கொள்ள மாட்டேன். நாலடி உயரத்தில் போர்டுக்குப் பக்கத்தில்தான் காலண்டர், சாவி மாட்டும் பலகை, கண்ணாடி எல்லாம் வரும்.

லிண்டல் மட்டத்தில் குறுக்கே ஓட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஏணி அதிகம் நகர்த்த வேண்டாம் என்பதால் பலருக்கும் அது பிடிக்கும். ஜன்னலுக்கும் கதவுக்கும் சற்று மேலே, ஏழு அடி உயரத்தில். கர்ட்டன் ராடுக்கு கிளாம்ப் அடிப்பது சரியாக அந்த இடத்தில்தான், பரண் பலகைக்கு ஆங்கிள் அடிப்பதும் அங்கேதான். யார் என்ன சொன்னாலும் இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எதைத் தொடக் கூடாது என்று முதலில் பாருங்கள்

வீடு எந்த வகை என்பதைப் பொறுத்து வழி மாறும். தூண், பீம் போட்டுக் கட்டிய வீடு என்றால் சுவரின் மேல் பகுதியில் கூரையை ஒட்டி பீம் ஓடும். நான் சொன்ன அரை அடி பட்டை அங்கே கான்கிரீட்டாக இருக்கும். பீமையோ தூணையோ கொத்தவே கூடாது. கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் மூடல் போய்விட்டால் கம்பி துரு ஏறும், ஏறிய கம்பி ஊதும், கான்கிரீட்டைப் பிளக்கும். பீம் எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், அல்லது ஒரு இடத்தில் பூச்சை மட்டும் பெயர்த்துப் பாருங்கள். செங்கல் சிவப்புத் தூளாக வரும், கான்கிரீட்டில் ஜல்லி தெரியும், உளி இறங்காது. அப்படிப்பட்ட வீட்டில் பீமுக்குக் கீழ் முகத்தை ஒட்டிய செங்கல் வரியில் பைப்பை ஓட்டுங்கள். அதுவும் ஊகிக்கக்கூடிய இடம்தான், ஏனென்றால் பீம் கண்ணுக்குத் தெரியும். பீமும் சுவரும் ஒரே மட்டத்தில் பூசப்பட்டு பீமே தெரியாத வீடுகளும் உண்டு. அங்கே போட்டோ எடுத்து வைப்பது கட்டாயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

சுவரே கூரையைத் தாங்கும் வீட்டில் பீம் பிரச்சினை குறைவு, ஆனால் சுவர் எடை சுமக்கிறது. அங்கே ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் குறுகிய சுவர்த் துண்டைக் கொத்தாதீர்கள்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, தேக்கு உத்தரமும் சுண்ணாம்பில் நிறுத்தி வைத்த செங்கல்லுமாக இருப்பது, அல்லது மங்களூர் ஓட்டு வீடு என்றால் சுவருக்குள் பைப்பைப் பதிக்கும் கன்சீல்டு வேலையே வேண்டாம் என்பது என் கருத்து. சுண்ணாம்புப் பூச்சில் மெஷின் வைத்தால் கொத்திய இடத்தோடு நிற்காது, முழம் முழமாகப் பெயர்ந்து வரும். சுவருக்கு வெளியே பைப் வைத்து சாடில் அடித்து ஓட்டுங்கள். உத்தரத்தின் அடிமுகத்தில் அடிக்காமல் பக்கவாட்டு முகத்தில் அடித்தால் கண்ணையும் உறுத்தாது. ஓட்டுக்கும் மரத்துக்கும் இடையில் எலியும் அணிலும் ஓடும் இடத்தில் பைப் இல்லாத வயர் ஒரு சாண் கூட இருக்கக் கூடாது.

கூரை கான்கிரீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் பைப்புகள் தனிக் கதை. கான்கிரீட் போடும்போது கம்பிக்கு மேல் பைப்பைப் படுக்க வைத்து ஃபேன் பாக்ஸிலிருந்து சுவர் வரை இழுத்துக் கட்டுவார்கள், அது பெரும்பாலும் குறுக்கு வாட்டில்தான் போகும். அதை இப்போது நேராக்க முடியாது. பழைய வயரை உருவி, வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டுப் பார்த்து, பைப் அடைபடாமல் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஃபேன் பாக்ஸிலிருந்து எந்தச் சுவரில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று கூரையில் சாக்பீஸால் கோடு போட்டு போட்டோ எடுத்து வையுங்கள். ஃபால்ஸ் சீலிங் போட வருபவர் கூரை முழுக்க வரிசையாக ஓட்டை போடுவார், அவரிடம் காட்ட வேண்டும். அடைபட்டிருந்தால் கான்கிரீட்டை அடியிலிருந்து கொத்தப் போகாதீர்கள், ஃபேனுக்கு மேற்பரப்பில் கேசிங் கேப்பிங் (கழற்றும் மூடியோடு வரும் பிளாஸ்டிக் பட்டை) வைத்துக் கொண்டுபோகலாம்.

கேசிங் கேப்பிங் என்றாலே வாடகை வீட்டு வேலை என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூரையும் சுவரும் சேரும் மூலையில் நேர்கோட்டில் வைத்து, சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்த பட்டை, பாதிச் சுவரில் ஒளிந்து ஓடும் பைப்பை விட எவ்வளவோ பாதுகாப்பானது. வயர் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், பழுது வந்தால் மூடியைக் கழற்றினால் போதும்.

சாக்பீஸோடு ஒரு சுற்று

மெஷின் வருவதற்கு முதல் நாளே எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகச் சுற்றி எல்லா வழியையும் சுவரில் வரைந்துவிடுங்கள். ஒரு வழியை மட்டும் இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

ஹாலின் வாசல் பக்கம் டிபி, அதாவது எல்லா அறைக்கும் லைன் பிரியும் மெயின் பெட்டி, இருக்கிறது. பின் படுக்கையறையின் மேற்குச் சுவரில் ஒன்றரை டன் ஏசி. குறுக்கு வழி என்ன? டிபியிலிருந்து ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள சுவரில் நாலடி உயரத்தில் படுக்கையாக ஓடி, மூலை திரும்பி, ஏசி இருக்கும் இடத்துக்குச் சாய்வாக ஏறுவது. மொத்தம் 11 மீட்டர். இந்த வழி ஹால் பக்கம் டிவி மாட்டும் இடத்துக்குப் பின்னாலும், அறைப் பக்கம் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னாலும் போகிறது. இரண்டுமே நாளைக்கு டிரில் போடப்போகும் இடம்.

நேர் வழி இது: டிபியிலிருந்து நேர் மேலே, கூரையை ஒட்டி ஹால் நெடுக, சுவரைத் துளைத்து அறைக்குள், மறுபடி கூரையை ஒட்டி மேற்குச் சுவர் வரை, அங்கிருந்து ஏசி பிளக்குக்கு நேர் மேலே வந்து ஒன்றிரண்டு அடி இறக்கம். 18 மீட்டர் வருகிறது. ஏழு மீட்டர் கூடுதல்; ஃபேஸ், நியூட்ரல், எர்த் சேர்த்து 21 மீட்டர் வயர். வோல்டேஜ் இறங்கிவிடாதா என்று கேட்பார்கள். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரின் தடை கிலோமீட்டருக்கு சுமார் 5 ஓம். ஏசி ஓடும்போது 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், போக வர 14 மீட்டருக்கு இழப்பு அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். 230 வோல்ட்டில் அது ஒன்றுமே இல்லை. நீளத்தைக் காரணம் காட்டி குறுக்கு வழி கேட்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

சுவரைத் துளைக்கும் இடத்தையும் யோசித்துப் போடுங்கள். கதவுச் சட்டத்துக்கு நேர் மேலே லிண்டல் கான்கிரீட் இருக்கும், சட்டத்தின் பக்கவாட்டில் அதைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை, ஹோல்ட்ஃபாஸ்ட், இருக்கும். இரண்டையும் விட்டு அரை அடி தள்ளிப் போங்கள்.

திருப்பங்கள் குறைவாக இருக்கட்டும். இரண்டு பாக்ஸுக்கு நடுவில் இரண்டு பெண்டுக்கு மேல் வைத்தால் வயர் இழுக்கும்போது இன்சுலேஷன் உரசிக் கிழியும், அது அன்றைக்குத் தெரியாது. மூன்றாவது பெண்ட் தேவைப்பட்டால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள். எல்போ வேண்டாம், நீண்ட பெண்ட் போடச் சொல்லுங்கள். வயரில் ஜாயின்ட் வருவது பாக்ஸுக்குள் மட்டும்தான், அந்தப் பாக்ஸ் கை எட்டும் இடத்தில், மூடி தெரியும்படி இருக்க வேண்டும். அழகுக்காக ஜங்ஷன் பாக்ஸின் மேல் பூசி மறைப்பதை அனுமதிக்காதீர்கள். பின்னாளில் எங்கோ ஒரு ஜாயின்ட் கருகினால், அது எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரியாமல் மூன்று சுவரை உடைக்க வேண்டி வரும்.

தண்ணீரும் சூடும்

பாத்ரூமில் ஷவர் இருக்கும் சுவரிலும் குழாய் சுவரிலும் வயர் போகவே கூடாது. கீசருக்கு வேண்டுமே என்றால், அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் இருக்கும் அறையில் பைப்பை ஏற்றி, கீசர் பிளக் உயரத்தில் சுவரைத் துளைத்து நேரே பிளக்குக்குப் பின்னால் வெளியே வாருங்கள். பாத்ரூம் பக்கம் டைல்ஸுக்குப் பின்னால் வயர் இல்லாமல் போகிறது. காரணம் ஈரம் மட்டும் இல்லை. மிக்ஸரிலிருந்து கீசருக்கு ஏறும் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் பைப்புகள் அதே சுவரில்தான் இருக்கும், ஒரு நாள் கசியும், பிளம்பர் உளியோடு வருவார். அவருக்கு முன்னால் கரன்ட் இருக்கக் கூடாது. கீசர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். மேலிருந்து ஷவர் தெறிக்கும் இடத்திலிருந்து பிளக் குறைந்தது இரண்டடி தள்ளி இருக்கட்டும்.

ஓதம் ஏறும் சுவர் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் எந்தச் சுவரில் பெயின்ட் உப்பி உதிர்கிறது என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்டாலே தெரியும், கேட்டுவிட்டு அந்தச் சுவரை வழியிலிருந்து தள்ளிவிடுங்கள். வேறு வழியே இல்லை என்றால் முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள். தரை மட்டத்திலிருந்து ஓதம் ஏறும் வீட்டில் தரையை ஒட்டி ஒன்றரை அடிக்குள் பிளக் வைக்காமல் நாலடிக்கு ஏற்றுங்கள்.

மொட்டை மாடியிலிருந்து கீழே வரும் பைப்பும் கவனிக்க வேண்டியது. டேங்க் பக்கத்து லைட்டுக்கும் சோலாருக்கும் மாடித் தரையைத் துளைத்து நேராக பைப்பை இறக்கினால் மழைத்தண்ணீர் அந்த பைப் வழியாகவே ஒழுகி ஹால் ஃபேனில் வந்து சொட்டும். சுவரின் வெளிப்பக்கமாக ஏறி, கைப்பிடிச் சுவரில் கீழிருந்து மேல் நோக்கிப் பாக்ஸுக்குள் நுழையும்படி வையுங்கள். வயர் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறினால் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே உள்ள சுவர்ப்பகுதியில் வயர் வேண்டாம், சிம்னி லைன் பக்கவாட்டிலிருந்து கூரையை ஒட்டி வரட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படியும். எனவே சிலிண்டர் இருக்கும் அலமாரிக்குள்ளும் அதன் பக்கத்தில் தரையோரமாகவும் பிளக், சுவிட்ச் எதுவும் இருக்கக் கூடாது. சிங்குக்குக் கீழே வாட்டர் ப்யூரிஃபையர் பாயின்ட் கேட்பவர்கள் உண்டு. சிங்குக்கு மேலே, பக்கவாட்டில் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பைப் கேஸ் வந்திருக்கும் ஊர்களில் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்து அதற்கு இடைவெளி விட்டுக் கோடு போடுங்கள்.

சூடு பற்றி ஒரு விஷயம். சாதாரண பிவிசி வயரின் இன்சுலேஷன் 70 டிகிரி செல்சியஸ் வரைக்குத்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அடியில் உள்ள காற்றே கொதிக்கும், அதற்கு மேல் வயர் தன் சூட்டையும் சேர்க்கும். ஷீட்டை ஒட்டி ஓட்டாமல் ஓரடியாவது இறக்கி சுவர் மேல் ஓட்டுங்கள். ஒரே பைப்பில் இரண்டு சர்க்யூட் சேர்ந்து ஓடினால் ஒவ்வொரு வயரும் தாங்கும் கரன்ட் 80 சதவீதமாகக் குறைகிறது, மூன்று சர்க்யூட் என்றால் 70 சதவீதம். அதனால் ஏசி, கீசர் போன்ற பெரிய லோடு ஒவ்வொன்றுக்கும் தனி பைப் கேளுங்கள். பைப்பில் வயர் அடைக்கும் இடம் உள்பரப்பில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கண்ணால் பார்த்தாலே பாதிக்கு மேல் காலியாகத் தெரிய வேண்டும்.

ஒரே பைப்பில் சேரக் கூடாதவை

தமிழ்நாட்டில் த்ரீ பேஸ் சப்ளை உள்ள வீடுகள் நிறைய. ஒரு போர்டில் லைட்டுக்கு ஒரு பேஸ், பக்கத்து பிளக்குக்கு இன்னொரு பேஸ் என்று வந்தால் அந்தச் சின்ன பாக்ஸுக்குள் இரண்டு வயருக்கு நடுவே சுமார் 400 வோல்ட் நிற்கிறது. ஒரு அறைக்கு ஒரு பேஸ் என்று முதலிலேயே பிரித்து, அந்த அறைக்குப் போகும் பைப்பில் வேறு பேஸ் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் லைனுக்கு டிபியிலிருந்தே தனி பைப், தனி நியூட்ரல். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மெயினை ஆஃப் செய்துவிட்டோம் என்று நம்பி போர்டைத் திறப்பவரின் கையில் இன்வெர்ட்டர் கரன்ட் ஏறுவது இப்படிக் கலந்து ஓட்டிய வீடுகளில்தான். இன்வெர்ட்டர் வரும் போர்டின் உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வையுங்கள். மாடிப்படி டூ-வே சுவிட்சுக்குக் கீழ் மாடி சர்க்யூட்டிலிருந்து ஃபேஸும் மேல் மாடியிலிருந்து நியூட்ரலும் எடுப்பது இன்னொரு பழக்கம். ஒரு மாடியின் எம்சிபியை (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) இறக்கினாலும் அந்த நியூட்ரலில் மறுபக்கத்துக் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும், தனித்தனி ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்திருந்தால் காரணமே தெரியாமல் டிரிப் ஆகும். ஒரு சர்க்யூட்டின் ஃபேஸும் நியூட்ரலும் எர்த்தும் ஒரே பைப்பில் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வர வேண்டும்.

இன்டர்நெட், கேமரா, டிவி கேபிளுக்குத் தனி பைப். கரன்ட் பைப்புக்கு இணையாக ஓடினால் ஓரடி இடைவெளி, குறுக்கே கடந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

வீட்டுக்கு வெளியே

போர் மோட்டாருக்குப் போகும் கேபிள் மண்ணுக்குள் போவதாக இருந்தால் குறைந்தது இரண்டரை அடி ஆழம், அதிலும் இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள் நல்லது. கீழே மணல், கேபிள், மேலே மணல், அதற்கும் மேலே செங்கல் வரிசை. நாளைக்கு யாராவது கடப்பாரையோ மண்வெட்டியோ போட்டால் முதலில் செங்கல்லில் தட்டும். தோட்டத்தின் நடுவே போகாமல் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நேராகப் போங்கள். தென்னைக்கு வட்டப்பாத்தி வெட்டும் இடம், செப்டிக் டேங்க் மூடி இருக்கும் இடம் வேண்டாம்.

மாடியில் துணி காயப்போடும் கொடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதனால் உயிர் போனதாக எத்தனையோ முறை செய்தி படித்திருக்கிறோம். சர்வீஸ் வயர் வந்து சேரும் இரும்புக் குழாயிலோ அதன் ஸ்டே கம்பியிலோ கொடியைக் கட்டக் கூடாது. வெளிச்சுவரில் நீங்கள் ஓட்டும் எந்த வயரும் கொடிக் கம்பி, ஜன்னல் கிரில், இரும்புக் கைப்பிடி இவற்றைத் தொடாமல் போக வேண்டும். கொடிக்கு நைலான் கயிறு போதும்.

மெஷின் வந்த பிறகு

கொத்தும் அறைக்கு மட்டும் எம்சிபியை இறக்கிவிட்டு வேலை செய்யக் கூடாது, பழைய வயர் எந்தச் சுவரில் எப்படிப் போகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மெயின், இன்வெர்ட்டர், சோலார் மூன்றும் ஆஃப், மெஷினுக்கு டிபி பக்கத்திலிருந்து ஆர்சிசிபி வழியாகத் தற்காலிக லைன் ஒன்று. டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாமல் டெஸ்ட் லாம்ப் வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் சீலை யாரும் தொடக் கூடாது, அது ஈபிக்காரர்கள் வேலை.

மெஷினால் இரண்டு இணைகோடு வெட்டி நடுவில் மட்டும் உளியால் எடுத்தால் காடி சீராக வரும். வெறும் சுத்தியல் உளியால் கொத்தினால் சுவர் தேவையில்லாமல் அதிரும். செங்கல் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், வேலை செய்பவருக்கு நல்ல மாஸ்க்கும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். பைப்பைப் பதித்து சிமென்ட் வைக்கும் முன்னால் காடியின் மேல் கோழி வலை அடித்துப் பூசினால் பின்னால் அந்த இடத்தில் நீளமாக வெடிப்பு விடாது.

பூசுவதற்கு முன் போட்டோ. ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று, தரையிலிருந்து ஒரு டேப், மூலையிலிருந்து ஒரு டேப் இழுத்துப் பிடித்து, எண்கள் தெரியும்படி எடுங்கள். டேப் இல்லாத போட்டோவில் பைப் எங்கேயோ இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும், டிரில் போட வருபவருக்கு அது போதாது. எந்த அறை, எந்தப் பக்கத்துச் சுவர் என்று ஒரு தாளில் எழுதி அதையும் படத்தில் வரும்படி சுவரில் ஒட்டிவிடுங்கள். போனில் மட்டும் வைத்தால் போன் போகும்போது எல்லாம் போகும், பிரின்ட் எடுத்து டிபி கதவின் உட்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவரில் வையுங்கள்.

வயர் இழுத்து முடித்ததும், லைட்டும் ஃபேனும் மாட்டுவதற்கு முன், இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெகர் வைத்து 500 வோல்ட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும் என்பது விதி, ஆனால் புது வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஒரு சர்க்யூட் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் குறைவாகக் காட்டினால் அந்த பைப்பில் எங்கோ வயர் உரசியிருக்கிறது அல்லது தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், உருவிப் பார்க்காமல் விடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள்.

கடைசியாகப் பழைய வயர். பயன்படாமல் போன பைப்புகளில் உள்ள வயரை முழுதாக உருவி எடுத்துவிட வேண்டும். வராத வயரை இரண்டு முனையிலும் எல்லா இணைப்பிலிருந்தும் கழற்றி, முனையை வெட்டி மூடி, அது எந்த பைப் என்று போட்டோக்களோடு குறித்து வையுங்கள். பழைய போர்டு இருந்த பள்ளத்தில் ஒரு லைன் உயிரோடு இருக்க, அதன் மேலேயே பூசிவிட்டுப் போவது நடக்கிற விஷயம். பூச்சுக்காரர் வருவதற்கு முந்தின நாள் டெஸ்ட் லாம்ப்போடு எலக்ட்ரீஷியனை எல்லாப் பழைய பாக்ஸிலும் ஒரு முறை பார்க்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு மூடுங்கள்.